பாஸாக்கறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு டீச்சரம்மா?

மாடி ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க டீச்சரம்மா. அந்த நோட்டுக் கட்டை இப்பிடித் திண்ணையில எறக்கி வைங்க. பத்தாங்கிளாஸ் காம்போசிஷன் நோட்டுதானே? பள்ளிக்கூடத்துல மணி அடிச்சே தலை நரைச்சவன் நான், அட்டையைப் பார்த்தே சொல்லிடுவேன். உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னும் சொல்லிடுவேன். அதுல சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. அத்தனை நோட்டுலயும் ஒரே லெட்டரு, ஒரே எடத்துல ஒரே தப்பு.

குடியிருக்க வந்த பொண்ணுக்கு அட்வைஸ் பண்றானே கெழவன்னு நெனைக்காதீங்க. அட்வான்ஸுல புடிக்க மாட்டேன், ஓசிதான்.

மொதல்ல ஒரு கேள்வி. உங்களுக்கு ரிசல்ட்டு வேணுமா, இங்கிலீஷ் வேணுமா? ரெண்டும்னு சொல்றீங்க பாருங்க, அதுலயே புது ஆர்டர்ல வந்தவங்கன்னு தெரிஞ்சிடுது.

ரிசல்ட்டுதான்னா வழி சுளுவு. புள்ளைங்க கையில இங்கிலீஷ் புஸ்தகம் படாம பார்த்துக்கணும், அவ்ளோதான். விரலை மடக்குங்க, கணக்கு சொல்றேன். 2019-20லேர்ந்து பத்தாவதுக்கு இங்கிலீஷ் ஒரே பேப்பரு. 100 மார்க்கு, 35 வந்தா பாஸு. மனப்பாடப் பாட்டு 5. விளம்பரம், லெட்டரு, நோட்டீஸு, படம் பார்த்து எழுதறது, சுருக்கி எழுதறது, தப்பைத் திருத்தறதுன்னு ஆறு குடுத்து அதுல நாலு கேக்கறான், அது 20. ரோடு மேப்பு 2. ஆச்சா, 27. ஒரு மார்க்குக் கேள்வி 14 இருக்குது. அத்தனைக்கும் ஒரே எழுத்தைப் போட்டுகினு வந்தாலும் மூணு நாலு தேறும். மிச்சத்துக்குக் கேள்வியையே முன்ன பின்ன மாத்திப் போட்டு எழுதுனா, அந்த வெயில்ல உக்காந்து கட்டுக் கட்டா பேப்பர் திருத்தறவங்க மனசு எளகாமலா போகும்? பையன் பாஸு. ஒரு கதையையும் படிக்கல, ஒரு வாக்கியத்தையும் சொந்தமா எழுதல. இங்கிலீஷ் வாடையே படாம இங்கிலீஷ்ல தேறிட்டான்.

சும்மா சொல்லல. படம் பார்த்து எழுதறதுக்கு என் பேரனுக்கு அஞ்சு வரி சொல்லிக் குடுத்திருக்காங்க. எந்தப் படம் வந்தாலும் அதே அஞ்சுதான். திஸ் இஸ் எ நைஸ் பிக்சர். ஐ ஸீ மெனி பீப்பிள். இட் இஸ் கலர்ஃபுல். தே ஆர் ஹாப்பி. ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச். காலாண்டுப் பரீட்சையில வந்த படம் இன்னான்னு கேளுங்க. வெள்ளத்துல வூடு முழுகி, மொட்டை மாடியில சனங்க நின்னுகினு காப்பாத்துங்கன்னு கையை ஆட்டறாங்க. நம்மாளு அஞ்சையும் கொண்டுபோய் எறக்கிட்டான். தே ஆர் ஹாப்பி! 2015ல ஊரப்பாக்கத்துக்குள்ள தண்ணி பூந்தப்ப இவனை இடுப்புல வெச்சிகினு மாடிக்கு ஓடுனவ அவங்க அம்மா. அவகிட்ட இதைப் படிச்சிக் காட்டுனேன். வெளக்கமாத்தைத் தேடுனா. ஆனா பேப்பர்ல மூணு மார்க்கு விழுந்திருக்குது டீச்சரம்மா. வரி அஞ்சும் இருந்திச்சில்ல.

உங்களை மாதிரி வாத்தியாருங்களைக் கொறை சொல்ல மாட்டேன். ரிசல்ட்டு வந்ததும் மீட்டிங் போடுவாங்களே, அதுக்கு டீ கொண்டுபோய் வெச்சவன் நான். எத்தினி பர்சன்ட்னு கேப்பாங்க, ஏன் போன வருஷத்தை விடக் கொறைஞ்சிதுன்னு கேப்பாங்க. ஒரு பையன் சொந்தமா நாலு வரி எழுதுவானான்னு எந்த அதிகாரியும் கேட்டு என் காதுல விழுந்ததில்ல. கேக்காததை எவன் செய்வான்?

சரி, இங்கிலீஷ்தான் வேணும்னு தலையை ஆட்டறீங்க. பாவம். அப்பிடின்னா கெழவன் சொல்றதைக் கேளுங்க.

பத்தாவது புஸ்தகத்துல மொதப் பாடம் இன்னா? கடல் பறவைக் குஞ்சு ஒண்ணு. லியாம் ஓ ஃப்ளாஹர்ட்டின்னு அயர்லாந்துக்காரர் எழுதுன கதை. கூடப் பொறந்ததுங்க எல்லாம் பறந்துடுச்சி, இதுக்கு மட்டும் பயம். பாறை மேலயே பட்டினியா உக்காந்திருக்குது. அம்மாக்காரி மீன் துண்டை வாயில கவ்விகினு கிட்ட வந்து, எட்டாத தூரத்துல நிக்கறா. பசி தாங்காம குஞ்சு பாயுது, பாறையிலேர்ந்து விழுது, விழற வேகத்துல றெக்கை விரிஞ்சிடுது. இன்னா கதை! நம்ம கோவளம், மாமல்லபுரம் கடலோரத்துப் புள்ளைங்களுக்கு இதைவிட வேற கதை வேணுமா? பேரனைக் கூப்ட்டு, கடைசியில அது பறந்துதாடான்னு கேட்டேன். அவன் சொல்றான்: "அது அஞ்சு மார்க்குக் கேள்வியில வரும் தாத்தா. நான் ரெண்டு மார்க்கு மட்டும்தான் படிக்கறேன்."

குஞ்சு இன்னும் பாறை மேலயேதான் உக்காந்திருக்குது அவனுக்கு. கைடு புஸ்தகம் எறங்க விடல.

அதனால நீங்க பண்ண வேண்டியது, முடிவை ஒளிச்சி வைக்கறது. கதையைப் பாதியில நிறுத்துங்க, மீன் துண்டோட அம்மா வந்து நிக்கற எடத்துல. பாய்ஞ்சிதா இல்லியான்னு தெரிஞ்சிக்கணும்னா மீதி ஒரு பக்கத்தை நீயே படிச்சிகினு வாடான்னு அனுப்பிடுங்க. இது நான் கண்டுபுடிச்ச வித்தை இல்ல. வாராவாரம் கத்தி ஓங்கற எடத்துல 'தொடரும்' போட்டு நம்ம பத்திரிகைக்காரங்க மொத்தத் தமிழ்நாட்டையும் படிக்க வெச்சது இப்பிடித்தான். எங்க அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அவங்களே வியாழக்கிழமை ஆனா வாசல்ல நிப்பாங்க.

இன்னொண்ணு. கதையைப் பத்தித் தமிழ்ல பேசவிடுங்க. சண்டை போடவே விடுங்க, அந்த அம்மாக்காரி பண்ணது நியாயமா, பெத்த புள்ளையைப் பட்டினி போடலாமான்னு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா கதவைச் சாத்திக்கங்க. அதே புஸ்தகத்துல கடைசிப் பாடமுன்னு ஒரு பாடம் இருக்குது. அல்போன்ஸ் தோதேன்னு பிரெஞ்சுக்காரர் எழுதுனது. ஜெயிச்ச ஜெர்மன்காரன் ஸ்கூல்ல இனிமே பிரெஞ்சு கூடாதுன்னு உத்தரவு போட, வாத்தியாரு தன் பாஷையில கடைசி வகுப்பு எடுத்துட்டுத் தொண்டை அடைச்சி நிக்கறாரு. சொந்த பாஷை போகுதேன்னு ஒருத்தர் கலங்கற கதை. அதை நம்ம பையன் இங்கிலீஷ்ல, அர்த்தம் தெரியாம, கமா தப்பாம ஒப்பிக்கறான். அந்த வாத்தியாரு பார்த்திருந்தா அன்னிக்கு இன்னும் கொஞ்சம் அழுதிருப்பாரு. தமிழ்ல ஒருதரம் பேசிட்டா, எவன் எதுக்கு அழறான்னாவது புரிஞ்சிடும். புரிஞ்ச கதைக்கு இங்கிலீஷ் தேடிகினு வரும். புரியாத கதைக்கு கைடுதான் வரும்.

அடுத்தது புஸ்தக பீரோ விஷயம், சுருக்கமா சொல்லிடறேன். ஸ்கூல் லைப்ரரி பீரோ சாவி வருஷக்கணக்கா என் இடுப்புலதான் இருந்துச்சி. தொறக்க மாட்டாங்க. புஸ்தகம் காணாமப் போனா ஆடிட்டுல எவன் பதில் சொல்றது, யாரு பைசா கட்றதுன்னு பயம். கரப்பானுக்கு மட்டும் மெம்பர்ஷிப்பு. இப்ப சர்க்கார்ல வாசிப்பு இயக்கம்னு சின்னச் சின்னப் புஸ்தகமா தமிழ்ல போட்டுக் குடுத்திருக்காங்களே, நுழை, நட, ஓடு, பறன்னு படி வெச்சி, அதைப் பார்த்தேன். நல்லா இருக்குது. அதே மாதிரி இங்கிலீஷ்லயும் நுழையற அளவுக்கு மெலிசா நாலு புஸ்தகம் கெடைச்சா கிளாஸுல கயிறு கட்டித் தொங்கவிடுங்க. பத்தாவது படிக்கற பையன் மூணாவது படிக்கறவன் புஸ்தகத்தைப் படிக்கறதான்னு யாராவது மூஞ்சைச் சுளிச்சா காதுல போட்டுக்காதீங்க. அப்பறம், பீரோ சாவியைத் தொலைச்சிடுங்க. பூட்டினதுக்கு அப்பறம் இல்ல, தொறந்ததுக்கு அப்பறம்.

மாமல்லபுரம் போயிருக்கீங்களா? கடற்கரைக் கோயில் வாசல்ல பாசிமணி, சங்குமாலை விக்கற பொம்பளைங்களைப் பாருங்க. வெள்ளைக்காரன் வேனை விட்டு எறங்கறதுக்குள்ள இங்கிலீஷ்ல வெலை சொல்லி, கொறைச்சி, சிரிச்சி, வித்து முடிச்சிடறாங்க. எந்த கிராமர் வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு? வயிறு சொல்லிக் குடுத்துச்சி. உங்க ஸ்போக்கன் இங்கிலீஷ் கோச்சிங் சென்டருங்களை எல்லாம் அந்தக் கோயில் வாசலுக்கு மாத்திட்டா வாடகை மிச்சம். ஆனா ஒண்ணு. அந்தம்மாவுக்கு ஒரு பில்லு எழுதத் தெரியாது, போலீஸ்காரர் நீட்டற நோட்டீஸைப் படிக்கத் தெரியாது. பேச்சு சந்தையில வந்துடும். எழுத்து வராது. அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இந்த நோட்டுக் கட்டுக்கு வர்றேன். ராத்திரி பதினோரு மணிக்கு மாடியில லைட் எரியுது, சிவப்பு இங்க் பேனா ஓடுது. காலையில நோட்டைக் குடுத்ததும் பையன் பார்க்கறது மார்க்கை மட்டும். அந்தச் சிவப்பை எவனும் படிக்கறதில்ல. நீங்க ரத்தம் சிந்துனது வீண். இதுக்கு நம்ம ஊரு வைத்தியம் ஒண்ணு இருக்குது. பழசு, ஆனா இங்கிலீஷ்காரனே வந்து கத்துகினு போனது.

ஊரப்பாக்கத்துல எலக்ட்ரிக் டிரெயின் ஏறினா எழும்பூர்ல எறங்கலாம், இல்லியா? அந்த எழும்பூர்ல 1789ல பட்டாளத்துக்காரங்க விட்டுட்டுப் போன அனாதைப் பசங்களுக்கு ஒரு இல்லம். அதைப் பார்த்துக்க வந்தவரு ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துப் பாதிரியாரு. வாத்தியாருங்க சரியில்ல, பசங்களுக்கு எழுத்து ஏறல. ஒருநாள் வழியில நம்மாளுங்க பள்ளிக்கூடம் ஒண்ணைப் பார்த்தாரு. புள்ளைங்க தரையில மணலைப் பரப்பி விரலால எழுதிகினு இருக்குது. பேப்பர் செலவு இல்ல, மை செலவு இல்ல, தப்பானா கையால தடவிட்டா போச்சி. இதையே செய்ங்கடான்னு தன் வாத்தியாருங்ககிட்ட போய்ச் சொன்னாரு. படிச்ச வாத்தியாருங்க, மணல்ல கை வைப்பாங்களா? முடியாதுன்னுட்டாங்க. அவரு ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பையனைக் கூப்ட்டு, சின்னப் பசங்களுக்கு நீ சொல்லிக் குடுடான்னுட்டாரு. எட்டு வயசுப் பையன் சாதிச்சிட்டான்! அதுலேர்ந்து பையனுக்குப் பையனே வாத்தியாரு. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான், வேற யாரு. பெல் ஊருக்குத் திரும்பி 1797ல லண்டன்ல அதைப் புஸ்தகமாப் போட்டாரு. மெட்ராஸ் சிஸ்டம்னு பேரு வெச்சி இங்கிலாந்துப் புள்ளைங்களுக்கே இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. 1832ல அவரு செத்தப்ப ராஜாக்களைப் பொதைச்ச வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில எடம் குடுத்தாங்க. நம்ம சட்டாம்பிள்ளைக்கு இன்னா குடுத்தாங்கன்னு கேக்காதீங்க. நான் எங்க கேட்டேன்னும் கேக்காதீங்க. ட்ரெயினிங்குக்கு வர்ற பெரிய பேராசிரியருங்க பேசறப்ப, காலி டம்ளர் எடுக்கற சாக்குல பின்னாடி நின்னு கேட்டதுதான். உக்காந்திருந்தவங்க செல்போன் பார்த்துகினு இருந்தாங்க.

இதுலேர்ந்து உங்களுக்கு இன்னா தெரியணும்? கட்டைத் தூக்காதீங்க. நோட்டைப் பக்கத்துப் பையன்கிட்ட குடுங்க. தப்பைத் திருத்தச் சொல்லாதீங்க, அது உங்க வேலை. எனக்கு இந்த எடம் புரியலன்னு மட்டும் கோடு போடச் சொல்லுங்க. டீச்சர் போட்ட சிவப்புக் கோட்டுக்கு எவனும் வெக்கப்பட மாட்டான். கூட்டாளி, "டேய், இதுல யாரு யாரை அடிச்சது?"ன்னு கேட்டா வருது பாருங்க ரோஷம், அப்பத்தான் தானா திருத்தி எழுதுவான். நீங்க ஒரு நாளைக்கு அஞ்சு பேரைப் பக்கத்துல உக்காரவெச்சி, அவன் எதிர்லயே ஒரு பத்தியை மட்டும் பாருங்க. மிச்ச நேரம் தூங்குங்க. கண்ணு உள்ள போயிருக்குது.

படிக்கறதுன்னா புஸ்தகத்துல மட்டுமா இருக்குது? வண்டலூர்லேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்டுல நின்னு அண்ணாந்து பாருங்க. மனை விக்கறவன் ஓசியில பாடம் எழுதி மாட்டியிருக்கான், அதுவும் அழகான இங்கிலீஷ்ல. ஜஸ்ட் டென் மினிட்ஸ் ஃப்ரம் கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸ். யாரோட பத்து நிமிஷம்? ராத்திரி ரெண்டு மணிக்கு, சிக்னல் தூங்கறப்ப, ஆம்புலன்ஸ்ல போனா பத்து நிமிஷம். லேக் வியூன்னு போட்டிருப்பான். ஐப்பசி கார்த்திகையில வந்தீங்கன்னா ஜன்னலுக்குக் கூடப் போக வேணாம், ஹால்லயே பார்க்கலாம். அடியில எறும்பு சைஸுல ஒரு வரி, கண்டிஷன்ஸ் அப்ளை. மொத்த விளம்பரத்துலயும் நெசம் அது ஒண்ணுதான்.

இதை எழுதிகினு வரச் சொல்லுங்க பசங்களை. ஒரு ஒரு குரூப்புக்கும் ஒரு போர்டு. அது சொல்ற எடத்துக்கு வாட்ச்சைப் பார்த்துகினு நடக்கட்டும். எங்க எங்க 'வெரி நியர்'னு எழுதியிருக்குதோ அங்கல்லாம் செருப்பு தேஞ்ச கணக்கைக் குறிக்கட்டும். அப்பறம் லெட்டரு. ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் கெடையாது. அந்த லெட்டரை எழுதி எழுதியே தமிழ்நாட்டுப் பசங்களுக்குத் தலைமுறை தலைமுறையா காய்ச்சல் வுடல. யாருக்கு எழுதறது? என் தம்பி பேத்தி பெங்களூர்லயே பொறந்து வளந்தது. தமிழ் பேசும், படிக்கத் தெரியாது. இங்க மனை வாங்கலாமான்னு கேட்டுகினு இருக்குது. அதுக்கு எழுதட்டும், வாங்கலாமா வேணாமா, ஏன்னு. பதினஞ்சு லட்சம், இருபது லட்சம் கைமாறுற விஷயம். வாக்கியம் கோணலா இருந்தா அது போனைப் போட்டு, "இன்னா எழுதியிருக்கே, ஏரி உள்ள இருக்குதா வெளிய இருக்குதா?"ன்னு கேக்கும். ப்ரெபோசிஷன் இன்னாத்துக்குன்னு அன்னிக்குப் புரியும் பையனுக்கு.

மார்க்குக் கொறைஞ்சிடுமோன்னு பயப்படறீங்க. விளம்பரம் எழுதற கேள்விக்கு 5, லெட்டருக்கு 5. பத்து போர்டைத் திட்டிப் படிச்ச பையன் ஒரு போர்டு எழுத மாட்டானா?

இதெல்லாம் கெழவன் ஒளறல்னு நெனைச்சீங்கன்னா இன்னொரு பேரு சொல்றேன், குறிச்சிக்கங்க. என்.எஸ். பிரபு. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவரு. 1979லேர்ந்து 84 வரைக்கும் பெங்களூர்லயும் மெட்ராஸ்லயும் சாதாரணப் பள்ளிக்கூடமா சிலதை எடுத்துகினு ஒரு வேலை செஞ்சாரு. இன்னிக்கு பிரசன்ட் டென்ஸு, நாளைக்கு பாஸ்ட் டென்ஸுன்னு பாடம் பிரிக்கறதே கெடையாது. ரயில் டைம்டேபிளைக் கையில குடுத்துடறது. இத்தினி மணிக்கு அங்க போய்ச் சேரணும், எந்த வண்டி புடிப்பேன்னு கேக்கறது. மேப்பைக் குடுத்து வழி கேக்கறது. மொதல்ல டீச்சரும் கிளாஸும் சேர்ந்து வாய்விட்டு ஒண்ணைப் போடுவாங்க, அப்பறம் அதே மாதிரி இன்னொண்ணைப் பையன் தனியா போடணும். வண்டியைத் தவற விடாம இருக்கறதுலயே புத்தி நிக்கும், இங்கிலீஷ் பின்னாலயே ஏறிக்கும்னு அவரு கணக்கு. 1987ல புஸ்தகமா வந்துச்சி. உலகம் பூரா இன்னிக்கு டாஸ்க், டாஸ்க்குன்னு சொல்றாங்களே, அதுக்கு ஆரம்பத்துல பேசப்பட்டதுல அவரு வேலையும் ஒண்ணு. வெளிநாட்டுல அதுக்குப் பேரு பெங்களூர் ப்ராஜெக்ட்டு. மெட்ராஸை விட்டுட்டானுங்க. பெல்லு பேரையாவது வெச்சாரு. அதே பிரபு 1990ல, சிறந்த முறைன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னும் எழுதிட்டாரு. இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

அதே வித்தை உங்க கேள்வித்தாள்லயே இருக்குது, ரெண்டு மார்க்கு ரோடு மேப்பு. புதுசா வந்தவருக்கு வழி சொல்லு. பசங்க இன்னா எழுதறாங்க? கோ ஸ்ட்ரெய்ட், டேக் தி ஃபர்ஸ்ட் லெஃப்ட், யூ வில் ஃபைண்ட் தி பேங்க். அந்தப் பேப்பர்ல இருக்கற ஊருல மாடு இல்ல, பள்ளம் இல்ல, தோண்டிப் போட்ட பாதாளச் சாக்கடை இல்ல. ஊரப்பாக்கத்துல நேரா போனா தண்டவாளத்துலதான் முட்டணும்.

பின்னாடி போர்ஷனுக்கு ஆந்திராவுலேர்ந்து ஒரு பொண்ணு வருது, பொத்தேரி காலேஜுல சேர்ந்திருக்குது. அதுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. வெடிகாலையில கிளாம்பாக்கத்துல பஸ்ஸை விட்டு எறங்குமாம். பெட்டியோட நம்ம வூடு வரைக்கும் எப்பிடி வர்றதுன்னு பத்து வரி இங்கிலீஷ்ல எழுதுங்கடான்னு கிளாஸுல குடுங்க. எந்த எடத்துல ஆட்டோக்காரன் எவ்ளோ கேப்பான், எவ்ளோ குடுக்கணும், எந்தத் தெருவுல நாய் இருக்குது, எல்லாம் வரணும். எழுதுனதைக் கட்டிப் போட்டுடாதீங்க. ஒருத்தன் பேப்பரை இன்னொருத்தன் கையில குடுத்து, வாயைத் தொறக்காம, யாரையும் கேக்காம நடக்கச் சொல்லுங்க. வந்து சேர்ந்தா பாஸு. சேரலன்னா எந்த வரியில தப்பாச்சின்னு அவங்களே தெருவுல நின்னு சண்டை போட்டுக்குவாங்க.

என் பேரன் நேத்தே எழுதிட்டான், நான்தான் எழுத வெச்சேன். இந்தாங்க, நாலா மடிச்சது. திங்கக்கிழமை பசங்ககிட்ட போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை காலையில நீங்களே இதை வெச்சிகினு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து பாருங்க. மூணாவது வரியில லெஃப்ட்டுன்னு போட்டிருக்கான். அவனுக்கு எந்தக் கை லெஃப்ட்டுன்னு எனக்கே இன்னும் சந்தேகம். கூடுவாஞ்சேரி போர்டு கண்ணுல பட்டுச்சின்னா அங்கயே ஒரு டீ சொல்லிட்டு போன் பண்ணுங்க, அவனையே சைக்கிள்ல அனுப்பறேன். வர்ற வழியெல்லாம் இங்கிலீஷ்லயே திட்டிகினு வாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்.